பெனால்டி புள்ளிக்குக் கீழே

மே மாதம், ஒரு திங்கட்கிழமை. காலை ஐந்தரை மணிக்குப் பிள்ளைகளைக் கால்பந்துப் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டு பள்ளி மைதானத்துக்குள் நுழைந்தேன். துறைமுகப் பக்கத்து கோல் கம்பத்துக்கு முன்னால் யாரோ ஆணி அடித்து வெள்ளைக் கயிறு கட்டியிருந்தார்கள். அளவெடுத்துக் கட்டிய நல்ல சதுரம். அதுவும் என் பெனால்டி பகுதியில், புள்ளியை நடுவில் வைத்து. எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது ராயபுரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். மிச்சப் பாதிப் பேருக்கு அன்று தெரிந்திருக்கும், அப்படி விசில் ஊதினேன்.

சத்தம் கேட்டுக் கையில் டேப்போடு ஒரு பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். தலையில் துணித் தொப்பி, முழங்கை வரை வெயில் கறுப்பு. தொல்லியல் ஆள் என்றும், இங்கே அகழாய்வுக்குப் பொறுப்பு தான்தான் என்றும் சொன்னார். பேச்சில் தூத்துக்குடி வாடை இருந்தது. பழைய பள்ளி வளாகம் என்பதால், புதுக் கட்டடத்துக்குக் கடைக்கால் போடுவதற்கு முன் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்க வேண்டுமாம். அனுமதி கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனை. நான்கு குழிகள், மூன்று வாரம். அதற்குள் ஒன்றும் கிடைக்காவிட்டால் கடைக்கால் தூண் இறக்கும் பைலிங் மெஷின் உள்ளே வந்துவிடும்.

கட்டடம் வரப்போவது எனக்குப் புதுச் செய்தி அல்ல. கன்னியாஸ்திரிகள் ஆரம்பித்த பள்ளி எங்களுடையது. சிவப்புக் கட்டடம், தேக்கு உத்திரம், ஆள் உயர ஜன்னல். படம் எடுக்க வருகிறவர்களுக்கு அழகு. உள்ளே உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு அப்படி இல்லை. போன மழைக்கு ஒன்பதாம் வகுப்பில் கூரைக் காரை பெயர்ந்து ஒரு பிள்ளையின் தலையில் விழுந்து ஆறு தையல். புதுக் கட்டடம் வேண்டாம் என்று சொல்ல எந்த மனசாட்சியுள்ள ஆளாலும் முடியாது, என்னாலும் முடியவில்லை. நான் சண்டை போட்டது எங்கே கட்டுவது என்பதற்குத்தான். பழையதை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டுங்கள் என்றேன். கட்டி முடிக்கிற இரண்டு வருடம் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்று தாளாளர் ஃபாதர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் மேசையைத் தட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆக, நாலு மாடி, மைதானத்தின் மேல்.

அந்த மைதானம் எங்களுக்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன். காசிமேட்டிலிருந்து வண்ணாரப்பேட்டை வரை தேடினாலும், பெண் பிள்ளைகள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, எவன் பார்க்கிறான் என்ற நினைப்பே இல்லாமல் ஓடக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து வேறு கிடையாது. இருக்கிற கிரவுண்டெல்லாம் பையன்களுடையது. கடற்கரை வலை காயப்போட. தெரு கன்டெய்னர் லாரிகளுக்கு. சுற்றுச்சுவர் வைத்த இந்த ஒரு மைதானத்தில்தான் நான் கால்பந்து ஆடினேன், இதே பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக வந்து இருபத்தாறு வருடமாக ஆட வைக்கிறேன். மைதானம் போனால் பெண்கள் அணி போய்விடும். பள்ளியில் கேரம் போர்டு வாங்கித் தருவார்கள்.

அதனால் அந்தக் குழிகளை நான் முதலில் வெறுத்தேன். பிறகு, கொஞ்சம் யோசித்ததும், அவற்றின் மேல் ஆசை வைத்தேன். ஏதாவது கிடைக்கட்டும், மாதாவே, ஏதாவது பழசாகக் கிடைக்கட்டும் என்று பூசையில் முட்டி போட்டுக் கேட்டேன். எங்கள் கோயிலில் இதுவரை யாரும் மாதாவிடம் பானை ஓட்டுச் சில்லு கேட்டிருக்க மாட்டார்கள்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் காசிமேட்டில் வேலை இல்லாமல் இருந்தவர்கள்தான் குழி தோண்ட வந்தார்கள். விசைப்படகில் போகிற இரண்டு ஆண்கள், மீன் விற்கிற மூன்று பெண்கள். கயிறு கட்டச் சொன்னால் படகில் போடும் முடிச்சையே போட்டார்கள். அதிகாரிப் பெண் சாயங்காலம் அதை அவிழ்க்க முடியாமல் தவிப்பார். அந்த மூன்று பெண்களில் ஒருத்தி என் பழைய தோழி. பள்ளியில் நான் கேப்டனாக இருந்த வருடம் எங்கள் கோல்கீப்பர். இப்போது மீன் ஏலத்தில் அவள் குரலுக்கு ஆண்களே ஒதுங்கி நிற்பார்கள். தான் முப்பத்தைந்து வருடத்துக்கு முன் காத்து நின்ற கோலுக்கு எதிரிலேயே குழிக்குள் குந்தி உட்கார்ந்து, சின்னக் கரண்டியால் மண்ணைச் சுரண்டிப் பாண்டுச் சட்டியில் போட்டாள்.

ஏழாம் நாள் பிள்ளைகள் பயிற்சி முடிந்து போன பிறகு, குழிக்குள்ளிருந்து அதிகாரி என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. என் உள்ளங்கையில் ஒரு சில்லை வைத்தார். நகம் அளவு. வெள்ளை, அதன் மேல் நீலத்தில் பாதிப் பூ.

"சீனப் பீங்கான், டீச்சர். கப்பல்ல வந்த சரக்கு. இந்த ஒரு குழியில மட்டும் நாப்பது துண்டு வந்திருக்கு. நல்ல கடல் மணலுக்குள்ள இருக்கு. இது பழைய கரையா இருக்கலாம். படகுல சாமான் இறக்கின இடமா இருக்கலாம்."

அப்படியென்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். அப்படியென்றால் இதன் மேல் பைலிங் போட விடமாட்டார்கள் என்றார். கட்டடத்தைப் பழைய இடத்திலேயே கட்டச் சொல்வார்கள், இந்தப் பக்கத்தைத் திறந்தவெளியாகவே விடச் சொல்வார்கள்.

என் இடது குதிகாலில் ஒரு பழைய தழும்பு உண்டு. அந்த நேரம் அது அரித்தது.

அவர் நோட்டைத் திறந்துகொண்டார். "நீங்க இங்கேயே படிச்சவங்கன்னு சொன்னாங்க. இந்த மைதானத்துல எப்பவாவது வெளி மண் கொட்டி மேடாக்கினாங்களா?"

"எனக்குத் தெரிஞ்ச நாள்லேர்ந்து இப்படியேதான் இருக்கு" என்றேன்.

எழுதிக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய்தான். ஆனால் இதைக் வெண்கலத்தில் தட்டினது போல் கணீரென்று சொன்னது. எனக்கே ஆச்சரியம்.

உண்மை இது. நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது இந்த மைதானம் பள்ளம். மழைக்காலத்தில் குளம். அப்போதைய தலைமை சிஸ்டர் துறைமுகத்தில் வேலை பார்க்கிற பெற்றோர்களைக் கூப்பிட்டு ஏதாவது செய்யுங்கள் என்றார். துறைமுகத்தில் அப்போது தூர்வாரிய மணல் மலையாகக் கிடந்தது. என் அப்பா அங்கே டிப்பர் லாரி ஓட்டினார். ஒரு வாரம் முழுக்க அவரும் இன்னும் இரண்டு பேரும் லோடு லோடாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். மீன் நாற்றமும் டீசல் நாற்றமும் கலந்த ஈர மணல். நாங்கள்தான் கூடையில் அள்ளிப் பரப்பினோம். மணல் முழுக்கக் கிளிஞ்சலும் உடைந்த பீங்கானும். நாங்கள் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள். முதல் நாளே ஒரு நீலப்பூச் சில்லு என் குதிகாலைக் கிழித்தது. எந்தக் காலத்துக் கப்பலிலிருந்து எவன் கடலில் எறிந்த தட்டோ, அப்பாவின் லாரியில் ஏறி வந்து என் காலைப் பதம் பார்த்தது. பழசுதான், சந்தேகமில்லை. ஆனால் அது இந்த இடத்துப் பழசு இல்லை.

இதோடு போயிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். அந்த சிஸ்டர் இல்லை, அப்பா இல்லை, ஃபாதர் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. யாருக்குத் தெரியும்? ஆனால் மணல் கொட்டுவதற்கு முந்தின நாள் நாங்கள் ஒரு காரியம் செய்திருந்தோம். எங்கள் அணியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வருடமும் பள்ளி இறுதிப் போட்டிக்கு முன் பெனால்டி புள்ளியில் எதையாவது புதைப்பது. ஈஸ்டர் பாஸ்கா நாளில் மந்திரித்த மெழுகுவர்த்தித் துண்டு, அந்தோணியார் சுரூபம், ஒருத்தி அவள் கால் கொலுசு. எதிரணி அந்தப் புள்ளியில் பந்தை வைத்தால் உதை தவற வேண்டும் என்று வேண்டுதல். சிஸ்டர்களுக்குத் தெரிந்தால் தோலை உரித்திருப்பார்கள். மறுநாள் மணல் வந்து மூடப்போகிறது என்பதால் நான் கேப்டன் என்ற முறையில் பெரிதாகச் செய்ய நினைத்தேன். பழைய வேண்டுதல்களையெல்லாம் தோண்டி எடுத்து அவரவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு ஜாம் பாட்டிலில் பதினோரு பேர் பெயரையும் எழுதிப் போட்டு, மூடியின் மேல் மெழுகை உருக்கி ஊற்றி, கறுப்புக் களிமண்ணில் ஒரு சாண் ஆழத்தில் வைத்தோம். அதன் மேல்தான் மூன்றடி மணல் வந்து விழுந்தது.

அதிகாரி எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. கீழே இருப்பது மேலே இருப்பதைவிட முந்தையது. யாராவது பிறகு தோண்டிப் புதைத்திருந்தால் மண்ணில் அந்த வெட்டு தெரியும், அது இல்லாவிட்டால் சந்தேகமே வேண்டாம். ஜாம் பாட்டில் களிமண்ணில், பீங்கான் அதற்கு மேல் மணலில்; அப்படியென்றால் மணல் பாட்டிலுக்குப் பிறகு வந்தது. ஒரு பாட்டில் வெளியே வந்தால் போதும், கதை முடிந்தது.

குழியோ ஒரு நாளைக்குப் பத்து சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. அன்று எழுபது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது கோல்கீப்பர் மைதானச் சுவரோரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

"இன்னாடி, ஞாபகம் கீதா?" என்றாள்.

எது என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

"நீ கம்முனு இரு. நா தான குழில குந்திக்கினு கீறேன். என் கைல தான் வரும். வந்தா அத்த எட்த்து மடில சொருவிக்கினு வந்துர்றேன். எவனுக்குத் தெரியப் போவுது? கிரவுண்டு நிக்கட்டும்டி. எம் பேத்தி ஆடணும்."

அவள் பேத்திக்கு மூன்று வயது. நான் சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலோடு நான் முழுதாகப் பொய்க்குள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல் நான் இதுவரை எதையும் எண்ணியதில்லை. எண்பது. தொண்ணூறு. காலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே கண் மட்டும் குழியின் பக்கம் போகும். அதிகாரி கீழே குனிந்தால் விசில் ஊத மறந்துவிடுவேன். கோல்கீப்பருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்து வரவில்லை. அன்று அவள் இடத்தில் வேறொருத்தி இறங்கி உட்கார்ந்ததும், நான் பயிற்சியை நடுவில் விட்டுவிட்டுக் குழியோரம் போய் நின்றேன். என்ன டீச்சர், தொல்லியல் ஆர்வம் வந்துவிட்டதா என்று அதிகாரி சிரித்தார். நானும் சிரித்தேன். பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், திரும்பி அவர்களைத்தான் கத்தினேன்.

அவர் என்னிடம் நன்றாகப் பழகிவிட்டார் என்பதுதான் கொடுமை. பத்து மணிக்கு இரண்டு கிளாஸ் டீயோடு வருவார். வேலை ஒப்பந்தம் ஒவ்வொரு தடவையும் ஆறு மாதத்துக்குத்தான் என்றும், வீட்டில் கல்யாணம் கல்யாணம் என்று அரிக்கிறார்கள் என்றும் சொல்வார். இந்தப் பீங்கானைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும். சந்தோஷத்தை வெளியே காட்டப் பயப்படுகிறவர்களின் குரல் அது.

"தப்பா எழுதிட்டா இந்தத் தொழில்ல ரெண்டாவது வாய்ப்பு கிடையாது, டீச்சர். அதான் உங்ககிட்ட திரும்பத் திரும்பக் கேக்கேன். கோவிச்சுக்காதீங்க."

மண் கொட்டினார்களா என்று அவர் என்னிடம் மொத்தம் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றேன். சேவல் கூவுமுன் மூன்று தடவை ஆண்டவரைத் தெரியாது என்று சொன்ன சீடரின் கதையைக் கேட்டு வளர்ந்தவளுக்கு மூன்று என்ற எண்ணிக்கை என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. விடியலில் பக்கத்துக் குடியிருப்பில் சேவல் கூவினால் அந்த வாரம் முழுக்க எனக்கு எரிச்சலாக வந்தது.

ஃபாதரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவருக்குப் பீங்கான் பிடிக்கவில்லை. வருகிற ஜூனில் மறுபடி அந்தக் கூரைக்குக் கீழேதானே பிள்ளைகளை உட்கார வைக்கப் போகிறோம் என்று என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். தையல் போட்ட பிள்ளையின் அம்மா அவரிடம் வந்து அழுதிருக்கிறார். நான் வாயில் விசிலை வைத்துக்கொண்டு மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்த இடத்தில் எங்கள் இப்போதைய கேப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடது பின்வரிசையில் ஆடுகிறவள். காசிமேட்டுப் பிள்ளை. போன வருடம் மாவட்ட அரையிறுதியில், ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, எங்கள் பெனால்டி பகுதிக்குள் பந்து அவள் கையில் உரசியது. நடுவர் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். எதிரணிகூடக் கேட்கவில்லை. இவள் ஆட்டத்தை நிறுத்தி, கையைத் தூக்கி, கையில் பட்டது சார் என்றாள். பெனால்டி. கோல். நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டில் ஒருத்தியும் உட்காரவில்லை, நான்தான் போய் உட்கார்ந்தேன். அந்தப் பழக்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகளிடம் முதல் நாள் சொல்வது அதுதான். பந்து கையில் பட்டால் கையைத் தூக்கு, நடுவர் பார்த்தாரா இல்லையா என்பது உன் வேலை இல்லை. அவள் இரண்டு நாள் அழுதாள். நீ செய்தது சரி என்று இரண்டு நாளும் சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது.

பத்தாம் நாள் மணல் முடிந்து கறுப்புக் களிமண் தெரிந்தது. பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்கு நான் விளையாட்டுச் சாமான் அறையில் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். கோல்கீப்பர் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

அத்தனை சின்ன பாட்டில். என் நினைப்பில் அது பெரியதாக இருந்தது. மூடி துருப்பிடித்துக் கறுத்திருந்தது, மெழுகு அப்படியே இருந்தது. உள்ளே சுருட்டிய காகிதம் தெரிந்தது.

"அந்தம்மா டேப் எடுக்கத் திரும்பிச்சி. டக்குனு உருவிட்டேன். பள்ளத்த மண்ணால அமுக்கிட்டேன். மேட்டர் முடிஞ்சிது" என்றாள். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழிக்குத் திரும்பிப் போனாள். நான் பாட்டிலைப் பழைய ஜெர்ஸிகளுக்கு அடியில் வைத்தேன். கிரவுண்டு நின்றுவிட்டது. மூச்சு சீராக வந்தது.

சரியாக ஒரு மணி நேரம்.

பன்னிரண்டு மணிக்கு அதிகாரி அந்த அறைக்கே வந்தார். கையில் ஒரு கோப்பு. திங்கட்கிழமை மேலதிகாரிகள் பார்க்க வருகிறார்கள், குறிப்பை இன்றே அனுப்ப வேண்டும் என்றார். கூடவே ஒரு தாள். உள்ளூர்க்காரர் ஒருவரின் வாக்குமூலம் சேர்த்தால் வலுவாக இருக்குமாம். தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். என் பெயர், நான் எத்தனை வருடமாக இந்த வளாகத்தை அறிவேன் என்ற விவரம். அடுத்த வரியில், இந்த மைதானத்தில் வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டப்படவில்லை என்று நான் உறுதியாகக் கூறுகிறேன். கீழே கையெழுத்துக்குக் கோடு.

"உங்க கையெழுத்து ஒண்ணு போதும், டீச்சர். நானும் கீழ போட்டுருவேன்."

பேனாவை வாங்கினேன். போட்டுவிடலாம் என்றுதான் வாங்கினேன், பொய் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே கேப்டன் மட்டும் இருந்தாள். காலையில் பயிற்சிக்குத் தாமதமாக வந்ததற்கு நான் கொடுத்த தண்டனை, கோல் வலையின் ஓட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. கையை உயர்த்தி மேல் கம்பியில் முடிச்சுப் போட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பேனாவை வைத்துவிட்டு, ஜெர்ஸிகளைத் தள்ளி, பாட்டிலை எடுத்து அந்தத் தாளின் மேல் வைத்தேன்.

அதிகாரி அதைத் தொடவில்லை. எந்தக் குழி என்றார். சொன்னேன். எவ்வளவு ஆழம் என்றார். மணலுக்குக் கீழே, களிமண்ணில் ஒரு சாண் என்றேன். அப்பாவின் லாரியைச் சொன்னேன். குதிகாலைச் சொன்னேன். எடுத்தவள் மேல் தப்பில்லை, நான் சொல்லித்தான் எடுத்தாள் என்றேன். அந்தக் கடைசிப் பொய்யை மட்டும் இன்றுவரை திருத்தவில்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"அஞ்சு நாளா உங்ககிட்டதான கேட்டுட்டு இருக்கேன், டீச்சர்" என்றார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்துகிறவர்களோடு எனக்குப் பேசத் தெரியும்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. தாளை நான்காக மடித்துக் கோப்பில் வைத்தார். பிறகு எழுந்து குழிக்குப் போய், கோல்கீப்பரை இறங்கச் சொல்லி, பாட்டில் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் எங்கள் கோலுக்குள்ளேயே பந்தை அடித்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். இறங்கிக் காட்டினாள். அதிகாரி டேப்பைப் பிடித்து அளந்தார், படம் எடுத்தார், நோட்டில் எழுதினார். ஒரு எண்ணைக்கூட விடாமல் எழுதினார். அவர் மேல் எனக்கு வந்த மரியாதையைச் சொல்ல எனக்கு இனி உரிமை இல்லை.

மேசையில் வெள்ளைத் துணி விரித்து மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தார். காகிதம் பழுத்திருந்தது, ஆனால் மை இருந்தது. ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஆடும் இடத்தையும் பக்கத்தில் எழுதியிருந்தோம். பதினொன்றில் இரண்டு பேர் இப்போது இல்லை. பதினோராவது பெயரைப் படித்தபோது கோல்கீப்பர் நான்தான் என்றாள். கடைசியில் ஒரு வரி என் கையெழுத்தில் இருந்தது. அடுத்த வருஷம் கப் நமக்குத்தான், சத்தியம். அடுத்த வருடமும் எங்களுக்குக் கப் வரவில்லை, அதற்கடுத்த வருடமும் வரவில்லை.

பாட்டிலை ஒரு பையில் போட்டு, குழி எண்ணும் ஆழமும் எழுதிய சீட்டைக் கட்டினார். திருப்பித் தரமுடியாது, இது ஆதாரம் என்றார். அன்றைக்குப் பிறகு அவர் எனக்கு டீ கொண்டுவரவில்லை. அடுத்த வாரம் குழிகளை மூடிவிட்டுப் போனபோது ஃபாதரிடம் சொல்லிக்கொண்டார், கேட் பக்கத்தில் நின்ற என்னைத் தாண்டி ஆட்டோவில் ஏறினார். கோல்கீப்பர் தடைக்காலம் முடிந்து ஏலத்துக்குத் திரும்பிவிட்டாள். நான் மீன் வாங்கப் போனால் எடை போட்டுக் கொடுக்கிறாள். பேசுவதில்லை.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு காலை, பைலிங் மெஷினை ஏற்றி வந்த நீளமான லாரி கேட்டுக்கு வெளியே ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பிள்ளைகளை நடுக்கோட்டில் உட்கார வைத்தேன். இதுதான் இங்கே கடைசிப் பயிற்சி என்று சொல்ல வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். பழசு கிடைத்திருக்கிறது, கிரவுண்டு தப்பித்துவிட்டது என்று ஊர் முழுக்கப் பேசிக் கொண்டாடியவர்கள் அவர்கள். மணலையும் பாட்டிலையும் சொன்னேன். கையெழுத்துத் தாள் வரை வந்து நிறுத்திவிட்டேன். ஒருத்தி அழ ஆரம்பித்தாள். இன்னொருத்தி எழுந்து, எனக்குக் கேட்கும்படி, "இவுங்களுக்கு இன்னா, நாளைக்கும் சம்பளம் வரும்" என்றாள். அவளை நான் திட்டவில்லை.

கேப்டன் மட்டும் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"ரெஃப்ரி பாக்கலியா, மிஸ்?"

"பாக்கல."

"கைல பட்ச்சா?"

"பட்டுச்சு" என்றேன்.

அவள் எழுந்து, பந்துகளைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கேட்டைத் தாண்டும்போது மற்றவர்கள் எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். அவள் மட்டும் நின்று, நான் வரும்வரை காத்திருந்து, என் பக்கத்தில் நடந்தாள்.